ஷட்டரில் இருந்த கொப்பு

"நொம்ப ஈஸிங்க சார். சின்னப் புள்ளைங்க நடக்கும், வயசானவங்க நடப்பாங்க. ஏத்தமும் இல்ல, எறக்கமும் இல்ல. வாய்க்கா எப்படிப் போவுதோ பாதையும் அதோடயே போவும்."

சாதிக் பாஷா இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பார் என்று அவருக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தோறும் யாராவது நாலு பேரைக் கூட்டிக்கொண்டு இந்த வாய்க்கால் கரையில் நடப்பது அவருடைய வழக்கம். அன்றைக்கு வந்தது தாம்பரத்திலிருந்து ஒரு தம்பதி. சார் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். அம்மாவுக்கு முழங்கால் வலி. மலைக்கு வந்து மலை ஏறாமல் நடக்க ஒரு பாதை இருக்கிறதாமே என்று விசாரித்துக்கொண்டு ஏரி ரோட்டில் இருக்கும் பாயின் கடைக்கு வந்தவர்கள்.

பாதை உண்மையிலேயே சுகமானது. இடது கையில் காட்டாறு, பாறைகளுக்கு நடுவே சளசளவென்று ஓடும். வலது கையில் வாய்க்கால், வெள்ளைக்காரன் காலத்தில் கல் அடுக்கிக் கட்டியது. ஆற்றை மேலே ஒரு சின்ன அணையில் மறித்து, அங்கிருந்து எஸ்டேட்டின் காப்பிப் பழம் அரைக்கும் மில்லுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கரைதான் பாதை. மேலே சில்வர் ஓக் மரங்கள், அவற்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிளகுக் கொடி. மார்கழிப் பனி இன்னும் விலகவில்லை. செடிகளில் பழம் சிவந்திருந்தது. பார்க்கிறவர்களுக்குக் கண் நிறைந்துவிடும்.

சாதிக் பாஷாவுக்கு மட்டும் நிறையவில்லை. அவர் முதுகுப் பையில் ஒரு பிளாஸ்க் இருந்தது. பிளாஸ்க்கில் ஆட்டுக்கால் சூப். மனைவி ஆயிஷா விடியலிலேயே எழுந்து மிளகும் பூண்டும் தட்டிப் போட்டு வைத்தது. பாதை முடிகிற இடத்தில் எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகள். அதில் ஒன்றில் பூவாயி காலில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறாள். எலும்பு சேர வேண்டும் என்று வாரா வாரம் சூப் போகிறது. "நம்ம பாய்க்கு இருக்குற மனசு யாருக்கு வரும்" என்று லைன் முழுக்கப் பேச்சு. அந்தப் பேச்சைக் கேட்கும்போதெல்லாம் மனுஷருக்குச் செருப்பால் அடித்ததைப் போல இருக்கும்.

ஏற்காட்டில் தேன் விற்கிற எல்லாரும் சுத்தத் தேன் என்றுதான் சத்தியம் செய்வார்கள். உள்ளூர்க்காரர்கள் வாங்குவது சாதிக் பாஷா கடையில். ஏதாவது வழக்கு வந்தால், நிலத்து வரப்பு என்றாலும் சரி, பசுமாட்டு விலை என்றாலும் சரி, "பாயைக் கேளுங்க" என்பார்கள். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. இப்படி ஒரு பெயரைச் சம்பாதித்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய தொல்லை என்று அவருக்கு இந்த மாதம்தான் புரிந்தது.

ஷட்டர் நெருங்கியது. ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரிகிற இடத்தில், இரண்டு கல் தூண்களுக்கு நடுவே இரும்புப் பலகை. அதை ஏற்றி இறக்க மேலே ஒரு இரும்புச் சக்கரம். சாதிக் பாஷா நடையை எட்டிப் போட்டார்.

"பாய், ஒரு நிமிஷம்!" தாம்பரம் சார் நின்றுவிட்டார். "இதென்ன, சக்கரத்துல மரக்கிளையைச் சொருகி வச்சிருக்காங்க? ஏதாவது வேண்டுதலா?"

சக்கரத்தின் ஆரங்களுக்கு நடுவே ஒரு காப்பிக் கொப்பு. பச்சையாக இருந்தது. பத்தாததற்கு ஒரு சிவப்புத் துணியும் கட்டியிருந்தது. துணி புதுப் பழக்கம். இப்போது ஷட்டரைப் பார்த்துக்கொள்கிற சதீஷ் ஆரம்பித்து வைத்தது.

"வேண்டுதல் இல்லீங்க சார். உள்ள ஆள் இருக்குன்னு அடையாளம்."

"உள்ளன்னா?"

"கீழ ஒரு எடத்துல வாய்க்கா பாறைக்கு அடியில போவுமுங்க. மூடுவாய்க்கான்னு சொல்லுவோம். மண்ணும் எலையும் சேந்துக்கும். ஷட்டரைச் சாத்திட்டு, பொம்பளைங்க உள்ள குனிஞ்சு போயி அள்ளுவாங்க. உள்ள போறவங்க இங்க வந்து ஒரு கொப்பைச் சொருகிட்டுத்தான் போவணும். வெளிய வந்ததும் அவங்களேதான் எடுக்கணும். மத்தவங்க யாரும் தொடக்கூடாது."

"தொட்டா?"

சாதிக் பாஷா, "அம்மா, அந்தக் கல்லு வழுக்கும், பாத்து வாங்க" என்று திரும்பிக்கொண்டார்.

தொட்டால் என்ன ஆகும் என்று அவரைவிட நன்றாகச் சொல்லக்கூடிய ஆள் இந்த மலையில் இல்லை.

ஒரு மாதத்துக்கு முன்னால் அது நடந்த அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். கோயமுத்தூரிலிருந்து ஒரு கூட்டம் வந்திருந்தது. அதில் ஒரு அம்மாவுக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுக்க வேண்டும். ஷட்டரைப் பார்த்ததும், "ஐயோ, எவ்வளவு பழசு! நீங்க பக்கத்துல நில்லுங்க பாய்" என்றார். பாய் நின்றார். "அந்தக் காஞ்ச குச்சி மட்டும் மறைக்குது. அதை எடுத்துருங்களேன்."

காய்ந்த குச்சி இல்லை, லேசாக வாடிய கொப்பு. சாதிக் பாஷா அதைப் பார்த்தார். நேற்று யாரோ வைத்துவிட்டு எடுக்க மறந்திருப்பார்கள் என்று நினைத்தார். அப்படி நினைத்தாரா, அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்ததா என்பதை அவர் பிறகு பல நாள் யோசித்தார். ஞாயிற்றுக்கிழமையில் யார் மண் அள்ளப் போகிறார்கள் என்றும் தோன்றியது. காப்பிப் பழம் குவிந்து கிடக்கிற சீசனில் எஸ்டேட்டுக்கு ஞாயிறு ஏது என்பது கடைக்காரருக்குத் தெரியாதா என்ன? தெரியும். கொப்பை உருவினார். கரைச் சுவர் மேல் வைத்தார். போட்டோ முடிந்ததும் திரும்பச் செருகிவிடலாம் என்பது எண்ணம்.

போட்டோ நன்றாக விழுந்தது. அந்த அம்மா போனைக் காட்டினார். சாதிக் பாஷா தாடியைத் தடவிக்கொண்டு பார்த்தார், கொஞ்சம் அழகாகத்தான் இருந்தார். வாய்க்காலை யார் வெட்டினார்கள், கல் எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டார். பாய்க்கு வாய் திறந்தால் மூடத் தெரியாது. சொல்லிக்கொண்டே நடந்தார். கூட்டமும் நடந்தது. கொப்பு சுவர் மேலேயே கிடந்தது.

கொஞ்ச தூரம் போனதும் பின்னாலிருந்து ஒரு சலசலப்பு. காய்ந்திருந்த வாய்க்காலில் இலைகளைத் தள்ளிக்கொண்டு தண்ணீர் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். "தண்ணி வருது, தண்ணி வருது!" சாதிக் பாஷாவும் ஒரு கணம் சந்தோஷப்பட்டார், வந்தவர்களுக்கு நல்ல காட்சி கிடைத்ததே என்று. அந்த ஒரு கணத்துச் சந்தோஷத்துக்காக அவர் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை. அடுத்த கணம் சுவர் மேல் வைத்த கொப்பு நினைவுக்கு வந்தது. செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தண்ணீரோடு போட்டி போட்டுக்கொண்டு ஓடினார்.

தண்ணீர் ஜெயித்தது. மூடுவாய்க்காலுக்குள் அது ஆளை அடித்துப் போகிற வெள்ளம் ஒன்றும் இல்லை, முழங்கால் ஆழம்தான். ஆனால் உள்ளே பாசி, சரிவு, இருட்டு. குனிந்து நிற்கிற ஆளின் காலை அது வாரிவிட்டால் போதும். கீழ் வாய் வழியாகச் சாதிக் பாஷா உள்ளே கை நீட்டியபோது பூவாயியின் முடிதான் முதலில் அகப்பட்டது. இழுத்து வெளியே போட்டார். இடது கால் திரும்பியிருந்த விதத்தைப் பார்த்து, உதவிக்கு ஓடிவந்த பெண்கள் வாயில் அடித்துக்கொண்டார்கள்.

"ஷட்டரை நான் போயி மூடறேன்!" என்று கத்திக்கொண்டு மறுபடி மேலே ஓடியவரும் அவர்தான். நேரில் பார்த்தவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போகிறார்கள். அந்த வயசுக்கு என்ன ஓட்டம் என்று. எதற்காக ஓடினார் என்று அவர்களுக்குத் தெரியாது. அவருக்கே ஓடும்போது தெரியாது. சக்கரத்தைச் சுற்றி இறக்கியபிறகு, சுவர் மேல் கிடந்த கொப்பைப் பார்த்தார். எடுத்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு ஆற்றில் விட்டார். அது ஒரு பாறையில் சிக்கி நின்றது. கல்லெடுத்து அடித்து அதையும் கிளப்பிவிட்டார். கொப்பை உருவியது மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். கல்லெடுத்து அடித்ததை என்னவென்று சொல்லிக்கொள்வது?

ஷட்டரைத் திறந்தது வேடியப்பன். அது அவன் வேலை. மில்லுக்குத் தண்ணீர் வேண்டும் என்று ஆள் வந்து சொன்னதும் வந்து பார்த்தான், சக்கரத்தில் கொப்பு இல்லை, திறந்தான், குறுக்குவழியில் மில்லுக்கு இறங்கிப் போய்விட்டான். உள்ளே இருந்தது அவன் பெண்டாட்டி. அவள் அன்றைக்கு மூடுவாய்க்காலுக்குப் போகிறாள் என்றே அவனுக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் இருவருக்கும் பெரிய சண்டை. குப்பனூரில் அவள் அண்ணன் வீட்டுக் காதுகுத்துக்குப் போக வேண்டும் என்று இவள், சீசனில் போக முடியாது என்று அவன். லைன் முழுக்கக் கேட்டது. காலையில் ஒருவரோடு ஒருவர் பேசாமல்தான் வேலைக்கு வந்திருந்தார்கள்.

அன்று மத்தியானமே ரைட்டர் லாசர் மில் முற்றத்தில் எல்லாரையும் கூட்டிவிட்டார். எஸ்டேட்டில் வேலை ஒதுக்குவது, விசாரணை, எல்லாம் அவர்தான். பூவாயி ஜீப்பில் ஏற்றும்போது சொல்லிவிட்டுப் போயிருந்தாள், கொப்பை என் கையாலேயே வச்சேன் என்று. வேடியப்பன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தான், கொப்பு இல்லீங்க, இல்லவே இல்லீங்க என்று. ஷட்டரைச் சுற்றி ஒவ்வொரு புதராக விலக்கித் தேடியும் பார்த்தான். கிடைக்கவில்லை.

லாசர் சாதிக் பாஷா பக்கம் திரும்பினார். "பாய், நீங்கதான் அவன் தெறக்கறதுக்கு முன்னால அந்த வழியா வந்தீங்க. கொப்பு இருந்துச்சுங்களா?"

முற்றம் முழுக்க அவரைப் பார்த்தது. பாதை எஸ்டேட்டுடையது. லாசர் வாய் வார்த்தையில் அனுமதித்திருப்பது. அது போனால் போகட்டும். ஆனால் இத்தனை கண்களும் தன்னைப் பார்க்கிற விதம் மாறிப்போகுமே, அதை நினைத்துத்தான் நடுங்கினார்.

"நான் வரும்போது இருந்துச்சுங்க" என்றார்.

அதில் ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவர் வரும்போது கொப்பு இருந்தது. போகும்போதுதான் இல்லை. அதை யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவ்வளவுதான். முற்றத்துக் கண்கள் எல்லாம் வேடியப்பன் மேல் திரும்பின. பாய் பார்த்திருக்கிறார், கொப்பு இருந்திருக்கிறது. அப்படியென்றால் இவன் பார்க்காமல் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் பார்த்துவிட்டே திறந்திருக்க வேண்டும். முந்தின நாள் சண்டையை யாரோ எடுத்துவிட்டார்கள். கொப்பு ஏன் கிடைக்கவில்லை என்பதற்கும் பதில் கிடைத்துவிட்டது, இவனே தூக்கிப் போட்டிருப்பான். ஷட்டர் வேலை பறிபோனது. அது சின்ன விஷயம். பெண்டாட்டியைத் தண்ணீர் விட்டுக் கொல்லப் பார்த்தவன் என்ற பெயர் வந்தது.

"என்ன பாய், மூச்சு வாங்குது?" தாம்பரத்து அம்மா கேட்டார். "எனக்கே ஒண்ணும் ஆகலை."

"ஒண்ணுமில்லீங்கம்மா. பனி."

அவர்கள் மூடுவாய்க்காலைத் தாண்டியிருந்தார்கள். உள்ளேயிருந்து பெண்கள் பேசுகிற குரலும் மண்வெட்டி உரசுகிற சத்தமும் கேட்டது. சாதிக் பாஷா காதைப் பொத்திக்கொள்ளாத குறையாக நடந்தார்.

ஆயிஷாவிடம்கூட அவர் சொல்லவில்லை. ராத்திரி தூக்கம் வராமல் புரண்டால், "அந்தப் பொண்ணு கத்துனது இன்னும் காதுல கேக்குதாங்க?" என்று அவள் தலையைத் தடவிக் கொடுப்பாள். தொழுகையில் நெற்றி தரையில் பட்டதும் அந்தக் கொப்புதான் ஞாபகம் வரும். படைத்தவனுக்குத் தெரிந்ததை அவனிடமே சொல்லி அழுவதில் என்ன இருக்கிறது? சொல்ல வேண்டிய இடம் வேறு. அங்கே சூப்போடு போய் வெறும் வாயோடு திரும்பி வந்துகொண்டிருந்தார்.

போன வாரம் சூப் கொடுக்கப் போனபோது வேடியப்பன் வாசலில் உட்கார்ந்திருந்தான். பூவாயி அவன் கையால் தண்ணீர்கூட வாங்குவதில்லை, பக்கத்து வீட்டு அமலிதான் எல்லாம் பார்த்துக்கொள்கிறாள். "பாய், யோசிச்சு யோசிச்சுப் பாத்தனுங்க" என்றான் அவன் தணிந்த குரலில். "கொப்பு இருந்த மாதிரிதான் இருக்குது. கோவத்துல வந்தனா, கண்ணு மறைச்சிருக்கும். இப்ப நெனச்சா பச்சையா தெரியுதுங்க. அமலிகிட்டயும் அதத்தான் சொன்னேன்." சாதிக் பாஷாவுக்கு அந்த இடத்திலேயே பூமி பிளந்து தன்னை விழுங்கிவிட்டால் நல்லது என்று இருந்தது. "மனசைப் போட்டு ஒழப்பிக்காதப்பா" என்று சொல்லிவிட்டு வந்தார். பெரிய ஆறுதல்!

பாதையின் கடைசி வளைவில், எதிரே வேடியப்பனே வந்தான். தோளில் ஒரு தகரப் பெட்டி. பாயைப் பார்த்ததும் பெட்டியைக் கரையில் இறக்கி வைத்தான்.

"என்னப்பா பெட்டி?"

"அவளுதுங்க. குப்பனூர்லருந்து மச்சான் ராஜேந்திரன் வந்திருக்காரு. ஜீப்பு அந்த வளைவுக்கு மேல வராது. சாமானத்த ஒண்ணொண்ணா கொண்டு போயி ஏத்தறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கூட்டிக்கிட்டுப் போறாருங்க பாய். ஒரேயடியா. கொல்லப் பாத்தவனோட எப்பிடி விட்டுட்டுப் போறதுன்னு கேக்குறாரு. நாயந்தானுங்களே? எந்தங்கச்சியா இருந்தா நானும் அதத்தான் செய்வேன்."

"பூவாயி என்ன சொல்லுது?"

"அவ எங்கூடப் பேசறதில்லீங்களே." பிறகு சட்டென்று சாதிக் பாஷாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க வந்து ஒரு வார்த்த சொல்லுங்க பாய். உங்க பேச்சுன்னா கேப்பா. உசுரக் காப்பாத்துன ஆளு. நான் வேணும்னு செய்யல, கண்ணு மறைச்சிருச்சு, மன்னிச்சு உட்ருன்னு சொல்லுங்க. அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்."

சாதிக் பாஷா கையை விடுவித்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. காப்பிச் செடியில் வேலை செய்து காய்த்துப்போன கை.

"சார், அம்மா, நீங்க இப்பிடியே நேராப் போங்க, மில்லு வரும், அங்க உக்காந்திருங்க" என்றார். தாம்பரம் சார் பாயின் முகத்தைப் பார்த்துவிட்டு, அம்மாவின் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார்.

லைன் வீட்டு வாசலில் கயிற்றுக் கட்டிலில் பூவாயியைக் கிடத்தியிருந்தார்கள். அப்படியே தூக்கிப்போக நாலு ஆட்கள் நின்றார்கள். ராஜேந்திரன் மடித்துக் கட்டிய வேட்டியோடு கட்டில் தலைமாட்டில் நின்றார். கிறிஸ்துமஸ் முடிந்தும் அவிழ்க்காத காகித நட்சத்திரம் அமலி வீட்டு வாசலில் ஆடிக்கொண்டிருந்தது. அமலியும் இன்னும் சில பெண்களும் ஓரமாக நின்று மூக்கைச் சிந்தினார்கள்.

"வாங்க பாய்" என்றாள் பூவாயி. அவளுக்கு முகம் மலர்ந்தது. "சொல்லாமப் போறமேன்னு நெனச்சனுங்க. நல்லவேளை வந்தீங்க. உங்க ஊட்டுச் சூப்புலதான் எலும்பே சேந்துச்சுன்னு அண்ணங்கிட்டச் சொல்லிக்கிட்டிருந்தேன்."

ராஜேந்திரன் கும்பிட்டார். "எந்தங்கச்சிக்கு நீங்க சாமி மாதிரிங்க."

சாதிக் பாஷா பையைக் கழற்றிக் கீழே வைத்தார். வேடியப்பன் அவருக்குப் பின்னால், சுவரோரம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். எல்லாரும் பாய் சமாதானம் பேசப் போகிறார் என்று காத்திருந்தார்கள்.

"அம்மிணி" என்று ஆரம்பித்தார். "வேடியப்பன் கண்ணு மறைச்சு..."

அதற்கு மேல் வரவில்லை. அவன் கேட்டுக்கொண்டபடி சொல்லிவிட்டால் ஒருவேளை இவள் மனசு இளகலாம், போகாமல் இருந்துவிடலாம். அவன் ஆயுசு முழுக்க மன்னிக்கப்பட்டவனாக அவள் காலடியில் கிடப்பான். தானும் ஆயுசு முழுக்க இவர்களுக்குச் சாமியாக இருந்துவிடலாம். இப்படியும் ஒரு வழி இருக்கிறது என்று ஒரு கணம் அவர் மனசு கணக்குப் போட்டது. மனுஷ மனசின் கேவலம் அவ்வளவு.

"அவன் கண்ணு மறைக்கல" என்றார். "கொப்பு அங்க இல்ல. நான்தான் எடுத்தேன்."

யாருக்கும் புரியவில்லை. அவர் மறுபடி சொன்னார். போட்டோவுக்காக உருவியதையும், சுவர் மேல் வைத்ததையும், பேச்சு மும்முரத்தில் மறந்துபோனதையும் சொன்னார். நிறுத்தாமல் சொல்லி முடித்தார்.

ராஜேந்திரன்தான் முதலில் பேசினார். கோபப்படவில்லை. பரிதாபமாகச் சிரித்தார். "உங்க நல்ல மனசு தெரியுமுங்க பாய். ஒரு குடும்பம் பிரியக் கூடாதுன்னு பழிய உங்க தலையில எடுத்துப் போடுறீங்க. வேணாமுங்க. கொப்பு இருந்துச்சுன்னு அன்னிக்கே ரைட்டர் முன்னால நீங்கதான சொன்னீங்க?"

"ஆமாமுங்க" என்றாள் அமலியும். "நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்."

வேடியப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாய், எனக்காவப் பொய் சொல்லாதீங்க. பாவம் உங்களுக்கு வந்து சேரும்."

இத்தனை நாளும் தொண்டைக்குள் முள்ளாகக் கிடந்ததைப் பிடுங்கி நடு வாசலில் போட்டாயிற்று. எடுத்துப் பார்க்க ஆளில்லை. உண்மையைச் சொன்னதற்கும் இவர்கள் நல்லவன் பட்டம் கட்டுகிறார்கள்!

பூவாயி மட்டும் சிரிக்கவில்லை, அழவில்லை. முழங்கையை ஊன்றிக் கொஞ்சம் எழுந்து அவரையே பார்த்தாள்.

"அப்ப அந்தக் கொப்பு எங்கீங்க? இவரு அன்னிக்கு ஒவ்வொரு புதராத் தேடுனாராம். செவுரு மேல வச்சிருந்தா கெடைச்சிருக்கோணுமே."

"ஆத்துல விட்டுட்டேன் அம்மிணி. உன்னைய வெளிய இழுத்துப் போட்டுட்டு ஷட்டரை மூட ஓடுனேனே, அப்ப. பாறையில சிக்கிக்கிச்சு. கல்லெடுத்து அடிச்சுத் தள்ளிவுட்டேன்." அவர் தலையை நிமிர்த்தவில்லை. "வரும்போது இருந்துச்சுன்னு ரைட்டர்கிட்ட சொன்னேன். போவும்போது இல்லேன்னு சொல்லல. பயந்துட்டேன்."

கல்லெடுத்து அடித்ததை நல்ல மனசுக்காக யாரும் கட்டிச் சொல்ல முடியாது. ராஜேந்திரனின் முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அமலி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சாதிக் பாஷா யாராவது அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்று காத்திருந்தார். அதுகூடக் கிடைக்கவில்லை. எல்லாரும் அவரிடமிருந்து கண்ணை எடுத்துக்கொண்டார்கள்.

பூவாயி தன் காலைப் பார்த்தாள். பிறகு, "அண்ணா, ஜீப்புல ஏத்துனதயெல்லாம் எறக்கு. நான் வரல" என்றாள்.

ராஜேந்திரன் என்னவோ சொல்ல வந்தார். அவள் கேட்கவில்லை. சுவரோரம் நிற்கிற வேடியப்பனைப் பார்த்தாள். அன்றைக்கு விழுந்ததிலிருந்து இப்போதுதான் அவனை நேராகப் பார்க்கிறாள். அவள் உதடு கோணியது.

"ஏய்யா, கொப்பு இல்லேன்னு உனக்குத் தெரியுமில்ல? உங்கண்ணால பாத்தீல்ல? அப்பறம் எதுக்குய்யா இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்ட?"

வேடியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கினான். சாதிக் பாஷாவைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, ஏதோ தன் மேல் தப்பு இருப்பதைப் போலவே சொன்னான்.

"பாய் இருந்துச்சுன்னு சொன்னாருல்ல புள்ள. நான் பொய் சொன்னாலும் சொல்லுவேன், அவரு சொல்ல மாட்டாருன்னு நெனச்சுட்டேன்."